சைக்கிள் வந்து இறங்கும் இடம்

பெட்டியைப் பார்த்ததும் எல்லோரும் டிவி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். என் மனைவியின் தம்பி மஸ்கட்டிலிருந்து முதல் லீவில் வருகிறான். வேன் பிடித்து ஒரு கூட்டமே திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போயிருக்கிறோம். தள்ளுவண்டியில் மஞ்சள் கயிறு சுற்றிய பெரிய அட்டைப்பெட்டி வருகிறது. வேறு எதை நினைக்க? வழி நெடுக என் மாமியார் அதன்மேல் ஒருவர் காலும் படவிடவில்லை. மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுகூடப் பேசி முடிந்துவிட்டது.

வீட்டில் வந்து பிரித்தால் சைக்கிள். சக்கரம் இரண்டையும் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி மடக்கி வைத்த கியர் சைக்கிள். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்கூட இல்லை. மாமியார் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

“இதுக்க மத்த சாதனமெல்லாம் எங்க மக்கா?”

“இது இம்புட்டுதாம்மா.”

“கேரியர் இல்லாம இதுல என்னத்த கெட்டிக் கொண்டுவர?”

அவன் சிரித்துக்கொண்டே சக்கரத்தை மாட்டினான். எனக்கு எரிச்சலாக வந்தது. நாலு வருஷம் கழித்து வருகிறவன், வயது இருபத்துநாலு ஆகிறது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறானே என்று இருந்தது. இது இரண்டாயிரத்து எட்டு வாக்கில்.

நான் அப்போது தக்கலையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் ஊர் பூதப்பாண்டிப் பக்கம், வயல் சூழ்ந்த தட்டையான ஊர். மனைவி வீடு தக்கலைக்கு மேற்கே, ஏற்றமும் இறக்கமுமாக ரப்பர் நிற்கிற நாடு. அங்கே சாயா குடிக்கக்கூட ஒரு மேடு ஏறி இறங்கவேண்டும். மனைவியை ஏழாம் மாதம் பேறுகாலத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அதனால் அந்தச் சித்திரையும் வைகாசியும் நான் ஆபீஸ் விட்டதும் நேராக மாமனார் வீட்டுக்குப் போய்விடுவேன். பாதி நாள் ராத்திரி தங்கலும் அங்கேதான்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். மச்சினன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, அப்பாவிடம் சொல்லாமலே ஏஜெண்டைப் பிடித்து மஸ்கட் போனவன். மாமனாருக்கு அது பெரிய அடி. அவன் கிளம்பின அன்றைக்கு விமான நிலையத்துக்கு அவர் போகவில்லை. போனில் அவன் கூப்பிட்டால் ரிசீவரை மாமியாரிடம் நீட்டிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். அவன் திரும்பி வந்த இந்த நாளிலும் வேனில் ஏறவில்லை. புகைக்கூடத்தில் உலரப் போட்ட ரப்பர் ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, வந்தவனை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

பேச்சு என்று ஏதாவது இருந்தால் அது மாமியார் வழியாகப் போகும். “அவன்ட்ட சொல்லு, கெணத்து மோட்டார போட்டுட்டு மறக்காண்டாம்னு.” அவன் இரண்டடி தள்ளித்தான் நிற்பான். “அப்பாட்ட சொல்லு, நான் அணைச்சாச்சுன்னு.” நான் வந்து சேர்ந்ததும் அந்த வேலை எனக்கு மாறிவிட்டது. மருமகனிடம் இரண்டு பேருமே குரலை உயர்த்த முடியாது, பாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் நான் அந்த வீட்டின் தபால்காரன் ஆகிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் பழைய ரப்பர் மரங்களை அந்த வருஷம்தான் வெட்டி விற்றிருந்தார்கள். பாலெடுத்து ஓய்ந்த மரங்கள். லாரிகள் ஏற்றிப் போனபின் சரிவு முழுக்கச் செம்மண்ணாகத் திறந்து கிடந்தது. மழைக்காலம் தொடங்கியதும் புதுக் கன்று நடவேண்டும். இடையில் இரண்டு மாதம் அந்த மண்ணில் யாருக்கும் வேலை இல்லை. மச்சினன் வந்த மூன்றாம் நாள் என்னை அதன் உச்சிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினான். மேலே ஒரு ரோடு, கீழே வீட்டுக் கிணறு, நடுவில் படிபடியாக, மரம் நட வெட்டின ரப்பர் மேடைகள்.

“அத்தான், இது கிடைக்காத இடமாக்கும். இங்க ஒரு ட்ராக் வெட்டினா எப்படி இருக்கும் தெரியுமா?”

“எதுக்கு?”

“சைக்கிள் விட.”

“ரோட்டுல விட்டா போதாதா?”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. அப்புறம் மஸ்கட்டைப் பற்றிச் சொன்னான். ஆறு நாள் கட்டடக் கூரையில் ஏசி குழாய் பொருத்துகிற வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. கூட வேலை பார்க்கிற ஒரு நேபாளக்காரன் பழைய சைக்கிள் ஒன்று பிடித்துக் கொடுத்து, ஊருக்கு வெளியே மொட்டைப் பாறைக் குன்றுகளுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். கல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வழி போட்டு, மேட்டிலிருந்து தாண்டி இறங்கியிருக்கிறார்கள்.

“அந்த ஒரு மணிக்கூர்தான் அத்தான், நான் எங்க கிடக்கேன்னு நெனப்பு வராது” என்றான். அதைக் கேட்டபின் எனக்கு எரிச்சல் போய்விட்டது.

அனுமதி கேட்கும் தபால் என் கையில் வந்தது. மாமனார் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். “எடவப்பாதிக்கு முன்ன நான் குழி வெட்டணும். அதுவர அவன் என்னமும் செய்யட்டும்னு சொல்லும்.” இடவப்பாதி மழை ஜூன் தொடக்கத்தில் விழும். அவன் லீவு முடிவதும் அதையொட்டித்தான். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனாலும் நான் போய்ச் சொன்னபிறகுதான் மண்வெட்டியைத் தொட்டான்.

முதல் வாரம் நான் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். இரண்டாம் வாரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். வழியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் முதலில் வெட்டவில்லை, நடந்தான். மேலேயிருந்து கீழே, மறுபடி மேலே, ஈர்க்கிலில் சிவப்புத் துணி கட்டி ஒவ்வொரு இடமாகக் குத்தி வைத்தபடி. “வெள்ளம் எங்கோட்டு ஓடும்னு பாக்கணும் அத்தான். வெள்ளம் ஓடுற வழியில ட்ராக் போட்டா ஒரு மழைக்கு ட்ராக் தோடாப் போவும்.” தோடு என்றால் அங்கே ஓடை. தண்ணீரைப் பற்றி வயல்காரனான எனக்கே பாடம் எடுக்கிறானே என்று நினைத்தேன், ஆனால் அவன் சொன்னது சரி.

வளைவு வருகிற இடங்களில் வெளிப்பக்கம் மண்ணை உயர்த்தி அணைத்தோம். அதில் சாய்ந்துகொண்டு பிரேக் பிடிக்காமலே சைக்கிளைத் திருப்பலாம். நான் கட்டின முதல் அணைப்பு அச்சு அசல் வயல் வரப்பு. நெற்றி மண்ணில் முட்டக் குனிந்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் வழுவழுவென்று பூசியிருந்தேன். அவன் வந்து பார்த்து, “அத்தான், நாம நெல்லு வைக்கப் போறதில்ல” என்றான். பூசினதை இடித்து, கல்லும் மண்ணும் கலந்து மறுபடி போட்டோம். திம்மிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி நனைத்தோம். சாயங்காலம் குளிக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் சிவப்பாகப் போகும்.

மாமியார் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். பெண் கொடுத்த வீட்டில் மருமகன் மண்வெட்டி பிடித்தால் அந்த வீட்டுக்கு மானக்கேடு. எங்கள் பக்கத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் பத்து வருஷம் ஞாபகம் வைத்திருப்பார்கள். நான் பனையோலைக் கடவத்தில் மண் சுமந்து போவதை மேல் ரோட்டில் போன ஒரு பெண்பிள்ளை பார்த்துவிட்டாள் என்று மாமியார் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அதற்கப்புறம் ஓர் ஏற்பாடு செய்தார். சாயா கொண்டுவருகிற சாக்கில் மேலே வந்து நிற்பார். ரோட்டில் ஆள் தலை தெரிந்தால் இருமுவார். நான் உடனே மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேற்பார்வை பார்க்கிற தோரணையில் நிற்கவேண்டும். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சிரிப்பாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷம் பொங்குகிறது. அதைவிட நல்ல கோடை எனக்கு வாய்த்ததில்லை.

சிறிய தாண்டல்கள் முதலில் வந்தன. முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு, அதைத் தாண்டி இரண்டு முழம் தள்ளி இறங்க ஒரு மேடு. அவன் அதில் தாண்டுவதைப் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். நானும் ஒருநாள் ஏறினேன். மேட்டில் ஏறும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு நான் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும் கிடந்தோம். மாமியார் இருமவும் மறந்து ஓடி வந்தார்.

நாலு மேடைகளுக்குக் கீழே, சரிவு செங்குத்தாக விழுகிற இடத்தில் பெரிய தாண்டல் ஒன்றைத் திட்டம் போட்டான். அதுதான் அவன் மனசில் முதலிலிருந்தே இருந்தது. மரத்தடிகளை அடுக்கி, மேலே மண் போட்டு, ஆள் உயரத்துக்கு ஏற்றம் கட்டினோம். இறங்குகிற இடத்தைத்தான் அவன் மூன்று தடவை இடித்து இடித்துக் கட்டினான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“பறக்குறது ஒண்ணும் பிரச்சனை இல்ல அத்தான். எறங்குறதுதான். எறங்குற மண்ணும் கீழ பாத்து சரிஞ்சு இருக்கணும். அப்பம் சைக்கிளு மண்ணத் தொட்டதே தெரியாம உருண்டு போவும். சமமா இருந்தா மொத்தக் கனமும் தோளுக்கு வந்திரும்.”

எல்லாம் முடிந்ததும் அவன் தாண்டவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். பயம் என்று நினைத்துக் கேலி செய்தேன். ஒருநாள் சாயங்காலம் திம்மிசுக் கட்டைமேல் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“அப்பா மேல வந்தாரா அத்தான்?”

“இல்லையே.”

“ஒரு நாளும் வரல்லியா?”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அவனுக்கு அந்தத் தாண்டலை அப்பா பார்க்கவேண்டும். அவர் நின்று பார்க்காமல் அதைத் தாண்டினால் அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் அன்றே மாமனாரிடம் சொன்னேன். அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டு கேட்டார்.

“எங்க எறங்குவான்?”

“கடைசிக்கு முந்தின மேடை மேல.”

“அது சரிஞ்சில்லா கிடக்கு?”

“அப்படித்தான் வேணுமாம் மாமா.”

அவர் நாக்கைத் தட்டிக்கொண்டு புகைக்கூடத்துக்குள் போனார். வரமாட்டார் என்று நினைத்தேன். அவனிடம் அப்படியே சொல்லவும் மனசு வரவில்லை, “பாப்போம்னு சொன்னாரு” என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் அவனுக்கு விருந்து. வெளிநாட்டிலிருந்து வந்தவனைச் சம்பந்தி வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடாமல் விடமாட்டார்கள். மாமியாரும் அவனும் நானும் சனிக்கிழமை பூதப்பாண்டிப் பக்கம் போனோம். மாமனார், பிள்ளைத்தாய்ச்சியைத் தனியாக விடக்கூடாது என்று வீட்டில் தங்கிவிட்டார். மறுநாள் மத்தியானம் திரும்பினோம். வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் பிறகு மண் காய வழியில்லை என்று அவனுக்குப் பதற்றம். மேல் ரோட்டிலேயே ஆட்டோவிலிருந்து குதித்துவிட்டான். சைக்கிள் உச்சியில் ஓலைச் சாய்ப்பில்தான் இருந்தது.

“அத்தான், நீங்க அப்பாவக் கூட்டிட்டு கீழ வந்து நில்லுங்க. ஏத்தம் மறைக்கும், எறங்குற இடம் எனக்கு இங்கேந்து தெரியாது. அதுக்கு அந்தப்பக்கம் கெணத்தடியில வந்தா ரெண்டு பேருக்க வெள்ள வேட்டி தெரியும். தெரிஞ்சதும் விட்டுருவேன்.”

“அவரு வராட்டா?”

“வரச் சொல்லுங்க” என்றான். அந்தக் குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டில் போய்ப் பார்த்தால் மாமனார் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, துண்டும் போட்டு உட்கார்ந்திருக்கிறார். “அவன் தாண்டப்போறான், வந்து பாக்கச் சொன்னான்” என்று நான் முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். எனக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருஷப் பிணக்கு என் தூதில் தீர்ந்தது என்று பெருமையாகவும் இருந்தது. கிணற்றடியைத் தாண்டி இருவரும் நடந்தோம். அவர் கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.

முதலில் எனக்கு இடம் தப்பிவிட்டதோ என்று தோன்றியது. நாங்கள் சரித்து வைத்த மண் அங்கே இல்லை. அந்த இடத்தில் அகலமாக, கண்ணுக்கு நிறைவாக, ஒரு ரப்பர் மேடை இருந்தது. ரப்பர் மேடையை எப்போதும் மலையைப் பார்த்து உள்பக்கம் லேசாகச் சாய்த்துத்தான் வெட்டுவார்கள், பெய்கிற மழை வெளியே ஓடிவிடாமல் மரத்தடியில் இறங்க. அதே மாதிரி வெட்டியிருந்தது. வெளி விளிம்பில் கல் பதித்திருந்தது. வாழ்நாள் முழுக்க மேடை வெட்டியவர் கை வைத்த வேலை. இரண்டு ஆளை வைத்து முந்தின நாள் முழுக்க நின்று செய்திருக்கிறார். குழி வெட்டப் போகிறார்கள் என்றுதான் என் மனைவி நினைத்திருக்கிறாள்.

“சமமா ஆக்கிட்டேன்” என்றார் மாமனார் என்னிடம், மெதுவாக. “இனி அவனுக்குப் பயப்படாண்டாம்.”

மேலே செயின் சத்தம் கேட்டது. எங்கள் வேட்டியை அவன் பார்த்துவிட்டான். நான் இரண்டு கையையும் தூக்கி, வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஏற்றத்தின் விளிம்பில் சைக்கிள் தெரிந்தது, அவன் முகமும் தெரிந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். சிரித்தான். அப்புறம் கீழே பார்த்தான்.

விழுந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. என் மாமனார் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். துண்டு எங்கோ விழுந்தது. மண்ணில் முட்டி போட்டு அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவன் நினைவோடுதான் இருந்தான், இடது தோள் மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மாமனார் வாயைத் திறந்தார். இடையில் யாரும் இல்லாமல், நேராக அவனிடமே பேசினார்.

“சமமா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன் மக்கா.”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். “என்ட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கப்பிடாதாப்பா?”

“நீயும் என்ட்ட ஒரு வாக்கு கேட்டுட்டுப் போயிருக்கப்பிடாதாலே?”

அவர் சொன்னது சைக்கிளைப் பற்றி இல்லை, மஸ்கட்டைப் பற்றி. எங்கள் மூன்று பேருக்கும் அது புரிந்தது. மழையின் முதல் துளி விழுந்தது. நான் ஜீப் பிடிக்க ரோட்டுக்கு ஓடினேன்.

தக்கலையில் எலும்பு டாக்டர் பார்த்துக் காறை எலும்பு முறிந்திருக்கிறது என்றார். கையைத் தூளியில் மாட்டி, ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். மஸ்கட்டுக்குப் போன் போட்டு லீவை நீட்டினான். வேலை போய்விடுமோ என்று பத்து நாள் எல்லோரும் தூங்கவில்லை. போகவில்லை. மாமனார் மட்டும் புகைக்கூடத்துக்குள்ளேயே இருந்தார். சாப்பாட்டை அங்கே கொடுத்து அனுப்பவேண்டியிருந்தது. ஒருநாள் அவன் ஒற்றைக் கையால் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் சொல்லி அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்ததைச் சொல்கிறேன். இடவப்பாதி தொடங்கி, விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் வீட்டில் இருவரும் இல்லை. சரிவில் ஏறிப் போனேன். மாமனார் தலையில் தோர்த்துத் துண்டு கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நிற்கிறார். ஓர் உரச் சாக்கின்மேல் மச்சினன், தூளியில் ஒரு கை, குடையில் ஒரு கை. அவர் கட்டின மேடையை அவரே இடித்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டு போருமா?”

“இன்னும் சரியணும்ப்பா.”

“இன்னும் சரிஞ்சா மண்ணு நிக்காதே?”

“நிக்கும். அடியில கல்லு போடுங்க.”

அவர் கைக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியும். மண்ணை வெளியே சரித்துவிடுவது அவர் கணக்கில் தண்ணீரைத் தொலைப்பது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் முகம் சுளித்தது. ஆனாலும் வெட்டினார். நான் வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. இருமிப் பார்த்தேன். மாமனார் திரும்பி, “மருமவனே, வந்தியளா, சாயா குடிச்சியளா” என்று கேட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குப் போனார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

குழிக்குக் கயிறு பிடித்துக் குச்சி நட்டபோது, ட்ராக் போகிற வழியில் விழுந்த குச்சிகளை அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். இத்தனை மரம் வீணாகப் போகிறதே என்று மாமியார் புலம்பினார். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து, இங்கே ஏன் நடவில்லை என்று கேட்டார். “வெள்ளம் போவதுக்கு” என்றார் மாமனார். அந்த மழையிலேயே என் மகள் பிறந்தாள். அவளுக்கு முப்பது நாள் ஆனபோது அவன் மஸ்கட்டுக்குப் போனான். டாக்டர் தடுத்திருந்ததால் அந்தத் தாண்டலைத் தாண்டாமலேதான் போனான். வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தவர் மாமனார்.

அடுத்த லீவில் அவனுக்குக் கல்யாணம். சைக்கிளைத் துடைத்து வைக்கத்தான் நேரம் இருந்தது. அதற்கடுத்து வந்தபோது ஆடி மாதம், இருந்த நாள் முழுக்க மழை கொட்டியது. வாசலில் நின்று சரிவைப் பார்த்துவிட்டுப் போனான். இதற்குள் கன்றுகள் தலைக்குமேல் போய்விட்டன. இடையில் கைதச்சக்கை போட்டிருந்தார்கள், அன்னாசிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. சரிவு முழுக்க முள். ட்ராக்கில் மட்டும் ஒரு செடி இல்லை.

நான் மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்ப்பேன். வருஷத்தில் இரண்டு மழை எங்களுக்கு. ஒவ்வொரு மழையும் இறங்குகிற மண்ணைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அங்கே புது மண் விழுந்து, இடித்து இறுகி, அதே சரிவில் இருக்கும். ஏற்றத்துக்கு வைத்த ரப்பர் தடிகளைக் கறையான் தின்று மண் உள்வாங்கியபோது, மாமனார் கல்லுக் கட்டி மறுபடி உயர்த்தியிருந்தார். இதைப் பற்றி அவர் யாரிடமும் பேசினதில்லை. நானும் கேட்கவில்லை. போனில் மட்டும் அவர் குரல் முற்றம்வரை கேட்கும். “எல்லாம் அப்படியே கிடக்கு மக்கா. நீ பைய வா.”

விழுந்ததற்கு ஐந்தாம் வருஷம், அவன் மாசியில் வந்தான். ரப்பர் இலை உதிர்கிற காலம். மரங்கள் மொட்டையாக நிற்க, வெயில் தரைவரை இறங்கியிருந்தது. சருகு முழங்கால் மட்டும் கிடக்கும் அந்தச் சமயத்தில், ட்ராக்கை உச்சியிலிருந்து கிணறுவரை யாரோ துடைப்பம் போட்டுப் பெருக்கி வைத்திருந்தார்கள். யாரோ என்ன, அவர்தான்.

அவனுக்கு அப்போது தொந்தி விழுந்திருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறவே இரண்டு இடத்தில் நின்றான். மாமியார் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார். அவன் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் என் மகளும் கிணற்றடியில் நின்றோம். மாமனார் அங்கே நிற்கவில்லை. இறங்குகிற மண்ணுக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றுகொண்டார். தள்ளி வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன், அவர் காதில் வாங்கவில்லை.

செயின் சத்தம் கேட்டது. என் கை தானாக மகளின் தோளைப் பிடித்தது. ஏற்றத்தின்மேல் அவன் தெரிந்தான், மரங்களுக்கு நடுவே ஒரு நொடி மண்ணில் படாமல் இருந்தான். அப்புறம் சரிவின் நடுவில் சக்கரம் தொட்டது. சத்தமே வரவில்லை. உருண்டு, வளைவில் சாய்ந்து, எங்கள் பக்கம் வந்து காலை ஊன்றி நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

மாமனார் அவனைப் பார்க்கவில்லை. சரிவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயர் தொட்ட தடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிவு போருமாலே?” என்று கேட்டார், தலையைத் தூக்காமல்.

“போரும்ப்பா. கொள்ளாம், நல்லாருக்கு.”

அவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஏறிப்போய் அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தான். இருவரும் ஏதோ பேசத் தொடங்கினார்கள், கேட்கிற தூரத்தில் நான் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இரண்டு பேருக்கும் என்னிடம் சொல்லி அனுப்ப ஒன்றும் இல்லை.